ஒன்பதாவது ஆளின் குரல்

வல்லக்கோட்டைப் பாண்டுரங்கனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான். கன்டெய்னர் லாரி வந்தால் கையைக் காட்டி நிறுத்தி, நீளக் குச்சியில் கட்டின கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுத் துழாவிப் பார்ப்பான். வயது ஐம்பத்து மூன்று. பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். அந்த விறைப்பு இன்னும் முதுகை விட்டுப் போகவில்லை. வாய் அதிகம் பேசாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கூட நிற்கிற காவல்காரனுக்கு ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் தான் தின்பான். அவனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல அந்த வாசலில் ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்டதும் நீங்கள் அவனைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் பக்கம் நடந்த மலைச் சண்டைக்கு அவனும் போனான். அவன் இருந்த பிரிவுக்கு அங்கே வேலை மொத்தமே பதினோரு நாள். ஒரு முகட்டைப் பிடிக்க வேண்டும், பிடித்ததை அடுத்த பிரிவிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். பதினோரு நாள் என்பது என்ன, இங்கே ஒரு கல்யாண வீட்டில் பந்தல் போட்டுப் பிரித்து, பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற காலம். அந்தப் பதினோரு நாளைத்தான் அந்த ஆட்கள் இருபத்தாறு வருசமாகப் பேசுகிறார்கள். இன்னும் பேசி முடியவில்லை.

பேசுவதற்கு ஒரு நாளும் வைத்திருக்கிறார்கள். ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிமங்கலத்தில் ஒரு சின்ன மண்டபம். கூட்டுகிறவர் ராஜசேகர். அன்றைக்கு அவர் ஹவில்தார், ஒன்பது பேருக்குத் தலைவர். இப்போது அறுபத்தொன்று. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் காவல் நிற்கிறவர்கள்தான்; நைட் ஷிப்ட் முடித்து, யூனிபார்மைக் கூட மாற்றாமல் வருவார்கள். பிரியாணி உண்டு. பட்டாளத்துக் கேன்டீனில் வாங்கின ரம்மும் சமையல்கட்டுக்குப் பின்னால் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் கிந்தி உண்டு.

கிந்தி என்றால் ஆள் எண்ணிக்கை. பட்டாளத்தில் பொழுது சாய்ந்தால் ஆட்களை வரிசையாக நிற்க வைப்பார்கள். தலைவர் எண்ண மாட்டார். ஆட்களே ஒவ்வொருவராகத் தன் எண்ணை இந்தியில் கத்த வேண்டும். ஏக், தோ, தீன் என்று ஓடிக் கடைசி எண் சரியாக வந்து விழுந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்டபத்திலும் அந்த ஒன்பது பேரில் வந்திருப்பவர்கள் அதே வரிசையில் நிற்பார்கள். வராதவன் எண் வரும்போது ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா விட்டுவிட்டு அடுத்தவன் கத்துவான். அது ராஜசேகர் ஏற்படுத்தின வழக்கம்.

பாண்டுரங்கன் எட்டாவது ஆள். மண்டபம் அவன் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். ஒரு வருசம் கூட அவன் போனதில்லை. ராஜசேகர் போன் செய்வார், "ஓ.டி. கீது சார்" என்பான். மறு வருசமும் அதே ஓ.டி.தான்.

இந்த வருசம் அவர் வேறு சேதி சொன்னார்.

"டேய் பாண்டு, நம்ம நெல்லையப்பன் சம்சாரம் இங்கதான்டா கீது, பென்னலூர்ல. பொண்ணு ஒரகடத்துல வேலை செய்தாம். அதுக்கு ஆக்கிப் போட அம்மாவும் வந்து ஒரு வருசமாவுது. கூட்டத்துக்கு வர்றேன்னு சொல்லிச்சு. உன் பேரச் சொன்னேன், போன்லயே அழுவுது. இந்த வாட்டி ஓ.டி. கீடின்னு எதுனா சொன்னே, உன் கேட்டுக்கே வந்து சட்டையப் புடிச்சு இட்டாந்துடுவேன்."

நெல்லையப்பன்தான் ஒன்பதாவது ஆள். அந்த மலையிலிருந்து திரும்பி வராதவன்.

அன்றைக்குப் பாண்டுரங்கன் தட்டில் கை வைக்கவில்லை. அவன் பெண்சாதி பாஞ்சாலி லேசில் விடுகிறவளா?

"இன்னா, மொகம் பேயறைஞ்ச மாதிரி கீது? கம்பெனில எதுனா தொலைஞ்சு போச்சா? உன்னையா கேக்கறானுங்க?"

"அதெல்லாம் இல்ல."

"இல்லன்னா துன்னு. கருவாட்டுக் கொழம்பு வச்சுட்டு உன் மூஞ்சியப் பாத்துக்கினு குந்தியிருக்கணுமா நான்?"

அவன் சொல்லிவிட்டான். இருபத்தேழு வருசம் கூடக் குடித்தனம் செய்தவளிடம் அன்றைக்குத்தான் முதல் தரம் சொன்னான்.

நெல்லையப்பன் அம்பாசமுத்திரத்துப் பக்கத்துப் பிள்ளை. பட்டாளத்தில் இரண்டிரண்டு பேரை ஜோடி போடுவார்கள். ஒருவனைத் தின்னவும் தூங்கவும் வைப்பது மற்றவன் பொறுப்பு. இவனும் அவனும் ஜோடி. இவன் பேச்சு அவனுக்குச் சிரிப்பு, அவன் பேச்சு இவனுக்குச் சிரிப்பு. அவன் தன் எண்ணைச் சொல்வதே ஒரு தினுசு. இந்தியில் ஒன்பதுக்கு 'நௌ'. மற்றவன் வெடுக்கென்று சொல்லிவிடுவான். நெல்லையப்பன் தொண்டையை ஒரு தரம் செருமிக்கொண்டு, ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, "நௌவ்வ்" என்று இழுப்பான். முகாமே சிரிக்கும். பாண்டுரங்கன் அதை அப்படியே செய்து காட்டுவான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெற்ற தாயே ஏமாந்து போகும்படி.

முகாமில் ஒருவன் கிந்திக்கு வரவில்லையென்றால் அவன் ஜோடி குரலை மாற்றி அவன் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். தப்புதான். எல்லாரும் செய்கிற தப்பு. பாண்டுரங்கனுக்கு அப்போது புதுக் கல்யாணம். டெலிபோன் பூத்தில் வரிசை நின்று ஊருக்குப் பேசிவிட்டு ஓடி வருவதற்குள் கிந்தி முடிந்திருக்கும்.

"உனக்கு போன் பண்ணப் போன அன்னிக்கெல்லாம் அவன்தான் எனக்குக் கொரல் குடுத்தான். பத்து தடவ குடுத்திருப்பான். நான் அவனுக்கு ஒரே ஒரு தடவதான் குடுத்தேன்," என்றான்.

அந்த ஒரு தடவை பத்தாம் நாள் சாயங்காலம். முகட்டைப் பிடித்தாகிவிட்டது. ஒருவர் பின்னால் ஒருவராக இறங்குகிறார்கள். பனிமூட்டம், முன்னால் போகிறவன் முதுகுகூட விட்டுவிட்டுத்தான் தெரிகிறது. எங்கேயோ குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. கடைசி ஆள் நெல்லையப்பன், "நீ முன்னால போல பாண்டி, பூட்ஸ் கயிறு அவுந்துட்டு, கெட்டிட்டு வாரேன்" என்றான். இவன் நடந்தான். கீழே ஒரு பாறை இடுக்கில் ராஜசேகர் எல்லாரையும் நிறுத்திக் கிந்தி எடுத்தார். ஏழு வரைக்கும் வந்தது. இவன் "ஆட்" என்று எட்டைச் சொன்னான். அடுத்த குரலைக் காணோம். பத்தடி பின்னால்தான் வருவான், இதோ வந்துவிடுவான். நாலு நாளைக்கு முன்னால் பிந்தி வந்ததற்கு அவனை எல்லார் எதிரிலும் சுமையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்க வைத்திருந்தார் ராஜசேகர். இன்னொரு தரம் நிற்க அவனிடம் தெம்பு இல்லை. பாண்டுரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நௌவ்வ்" என்றான்.

"ஒம்போது. சரி. குந்துங்க," என்றார் ராஜசேகர்.

குந்தினான். மூன்று நாள் கண் மூடாதவன். பாறையில் முதுகு பட்டதுதான் தெரியும். விழித்தபோது பொழுது வெளுத்திருந்தது. பக்கத்தில் இடம் காலி. மேலே ஓடினார்கள். நானூறு அடி இருக்கும். நெல்லையப்பன் ஒரு கல்லில் சாய்ந்து விறைத்திருந்தான். தொடையில் குண்டுச் சிதறல். பூட்ஸ் கயிற்றை உருவிக் காயத்துக்கு மேலே நாலு சுற்று சுற்றி முடிச்சும் போட்டிருந்தான்.

"முடிச்சு போட்டிருந்தான் பாஞ்சாலி. அப்புறமும் உயிரோட இருந்திருக்கான். ரத்தத்தால போவல அவன். குளிர்ல போயிட்டான். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா பத்து நிமிசத்துல தூக்கியாந்திருப்போம்."

சவப்பெட்டியோடு ஊருக்குப் போனவனும் பாண்டுரங்கன்தான். நெல்லையப்பன் பெண்சாதி நாச்சியார் அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. "எப்படிண்ணே?" என்று அவள் கேட்டபோது, "நெஞ்சுல பட்டுது தங்கச்சி. ஒரே நொடி. வலிகூடத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தான்.

பாஞ்சாலி குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

"போ. போயி நின்னுட்டு வா. ஆனா வாயத் தொறக்காத. நீ சொன்னா உன் பாரம் எறங்கும், அவ தலையில ஏறும். ஒரு நொடின்னு நெனச்சுக்கினு ஒரு பொண்ணப் பெத்து வளத்துட்டா. அதப் போயி புடுங்குவியா?"

"சொல்லல," என்றான். அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

மண்டபத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். வாசலிலேயே மாரிராஜ் பிடித்துக்கொண்டான். அவன் நாலாவது ஆள்; படப்பையில் ஒரு பெயின்ட் குடோனில் காவல் நிற்கிறவன்.

"வாய்யா ஓ.டி. மன்னா! இத்தினி வருசம் ஓ.டி. பாத்தியே, அந்தக் கம்பெனியையே வாங்கிருப்பியே!" என்றவன் பாஞ்சாலியைப் பார்த்ததும், "வாங்கம்மா. இவர எந்த லாரில ஏத்தியாந்தீங்க?" என்றான்.

"பைக்லதான். பின்னால நான் குந்தலன்னா படப்பைலயே திருப்பிக்கினு ஓடியிருக்கும்," என்றாள் பாஞ்சாலி. எல்லாரும் சிரித்தார்கள். பாண்டுரங்கனும் சிரித்து வைத்தான்.

கதைகள் ஆரம்பித்தன. டப்பாப் பாலை அடுப்பில் வைத்து வெடிக்க விட்ட கதை. முகட்டுக்குப் போகிற வழியில் கோவேறு கழுதை ஒன்று மாரிராஜின் சட்டையைத் தின்ற கதை. வருசா வருசம் அந்தக் கழுதை கொஞ்சம் உயரம் வளர்ந்துகொண்டே போகிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நாச்சியார் மகளோடு உள்ளே வந்தாள்.

ஒடிசலான உடம்பு. ஐம்பதுதான் இருக்கும், தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் இசக்கிசெல்விக்குக் கார்களுக்கு ஒயர் கட்டுகிற லைனில் வேலை. விரல் நுனியெல்லாம் கீறல். நாச்சியார் நேராகப் பாண்டுரங்கனிடம் வந்தாள்.

"பாண்டி அண்ணே, சொகமா இருக்கியளா? ஏட்டி, இவுகதான் ஒங்க அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்தவுக. மாமாவக் கும்பிட்டுக்கோ."

பிள்ளை காலைத் தொட்டது. பாண்டுரங்கன் பதறிப் பின்னால் போனான்.

"அன்னைக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தைதாண்ணே எனக்கு," என்றாள் நாச்சியார். "ஒரு நொடின்னியளே. வெறகு பொறுக்கையில, வயல்ல நிக்கையில, இவளப் பெத்துக்கிட்டுக் கெடக்கையில, அதத்தான் நெனச்சுக்கிடுவேன். சாமி புண்ணியத்துல நம்மாளு அல்லாடல, பட்டுன்னு போயிட்டாகன்னு."

பாஞ்சாலி புருசனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

ராஜசேகர் நாச்சியாருக்கு ஒரு சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். கிந்தி. ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். இடைவெளி விட்டு நின்றார்கள். "ஏக்." ஒரு மூச்சு. "தீன்." "சார்," என்று நாலைக் கத்தினான் மாரிராஜ். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "ஸாத்." பாண்டுரங்கன், "ஆட்" என்றான். அதற்கப்புறம் சும்மா விட வேண்டிய மூச்சு.

அந்த மூச்சில் ராஜசேகர் உடைந்தார். கிழவர் நின்ற நிலையிலேயே குலுங்கினார். நாச்சியாருக்கு எதிரில் போய் நின்று கையைக் கூப்பினார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். வருசா வருசம் இங்க நின்னு அத முழுங்கிக்கினு கீறேன். அன்னிக்கி எறங்கும்போது உன் புருசன் வரலம்மா. மேலயே அடிபட்டுக் கெடந்தான். நான் கிந்தி எடுத்தேன். என் காதுல ஒம்போதுன்னு விழுந்துது. அசதில காது ஏமாத்திடுச்சு. எவனையும் கேக்கவும் வாய் வரல. எண்ணிக்கை சரின்னுட்டேன். விடிஞ்சுதான் போய்ப் பாத்தோம். அவனக் கொன்னது குண்டில்ல, என் எண்ணிக்கை. அடுத்த பதவி வந்தப்ப வேணான்னு எழுதிக் குடுத்தேன். ஒம்போது பேர எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்கும்மா பதவி?"

நாச்சியார் அவரைப் பார்க்கவில்லை. திரும்பிப் பாண்டுரங்கனைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு நொடின்னியளே?"

பாஞ்சாலி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆனால் இனி எதைக் காப்பாற்ற? அந்த நொடி போய்விட்டது. மிச்சம் இருப்பது, ஒன்றும் செய்யாத ஒரு மனிதர் தலையில் இருபத்தாறு வருசமாக இருக்கிற பழி. அது பாண்டுரங்கனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டத்துக்கு ஒரு வருசமாவது வந்திருந்தால் அந்த முகத்தில் அது தெரிந்திருக்கும். வராமலே இருந்துவிட்டான்.

"சார், உங்க காது ஏமாத்தல," என்றான். "ஒம்போதுன்னு சொன்னது நானு."

ராஜசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார்.

"போடா. ஜோடியக் காப்பாத்தற மாதிரி என்னையும் காப்பாத்தறியா? பட்டாளத்தான் புத்தி போவல பாரு உனக்கு. என் காதுல விழுந்தது அவன் கொரல்டா. செருமினது கூட விழுந்துது."

"நான்தான் சார்."

"அப்ப சொல்லிக் காட்டு. சொல்லுடா பாப்பம்!"

பாண்டுரங்கன் நிமிர்ந்து நின்றான். குதிகால் சேர்ந்தது. தொண்டையைச் செருமினான்.

"நௌவ்வ்."

மாரிராஜ் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தான். அவன் மட்டுமா? எல்லாருமே. அங்கே ஒருவரும் இல்லை. இருபத்தேழு வயசுப் பிள்ளையின் குரல், ஆற்றுக்கு அக்கரையைக் கூப்பிடுகிற குரல், வந்துவிட்டுப் போய்விட்டது.

ராஜசேகர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருவத்தாறு வருசம்டா," என்றார். "என் பொண்ணு கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கக்கூடக் கை கூசுச்சுடா எனக்கு." பாண்டுரங்கன் அவர் தோளைத் தொடப் போனான். தட்டிவிட்டார்.

நாச்சியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ராத்திரி பூரா கெடந்தாகளா?" என்று கேட்டாள்.

"தெரியல தங்கச்சி."

"கூப்பிட்டாகளா?"

ஒரு பொய் போதும் அவளுக்கு. ஒரே பொய். பாஞ்சாலிகூட அதைச் சொல்லிவிட மாட்டானா என்று பார்த்தாள். ஆனால் பாண்டுரங்கனிடம் பொய் தீர்ந்துவிட்டது.

"கேக்கல. நான் தூங்கிட்டேன்," என்றான்.

நாச்சியார் சால்வையை எடுத்து மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, நிதானமாக, நாற்காலி மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒங்க ஒங்க பாரத்த எறக்கி வச்சிட்டிய. நான் இதக் கொண்டு எங்கண்ணே வைக்கட்டும்?" என்றாள். மகள் பக்கம் திரும்பினாள். "வா புள்ள, போவோம்."

இசக்கிசெல்வி நகரவில்லை. அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏட்டி!" என்றாள் தாய்.

"நீ கேட்டிருக்கம்மா. நான் கேட்டதில்ல. வீட்டுல ரெண்டு போட்டோதான இருக்கு. ஒரே ஒரு தடவ மாமா. பதிஞ்சுக்கிடுதேன்."

போனை அவன் வாய்க்கு அருகில் நீட்டினாள். கை நடுங்கவில்லை, லைனில் நின்று பழகின கை. நாச்சியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பாண்டுரங்கன் செருமினான். "நௌ" என்றான். அது அவன் குரல். மறுபடியும் செருமினான். இழுத்தான். ஐம்பத்து மூன்று வயசுக் காவல்காரன் குரல்தான் வந்தது, உடைந்து, கரகரத்து. மூன்றாம் தரம் காற்றுதான் வந்தது. "வரும்மா, வரும், இரு," என்று தண்ணீர் கேட்டான். மாரிராஜ் ஓடிக் கொண்டு வந்தான். குடித்துவிட்டுச் சொன்னான். வரவில்லை.

அந்தப் பிள்ளை போனை அணைத்தது. "பரவால்ல மாமா. வந்துச்சுன்னா போன் பண்ணுங்க," என்று தன் எண்ணைப் பாஞ்சாலியிடம் கொடுத்துவிட்டுத் தாயைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறப் போனது. பிரியாணி அண்டாவை அன்றைக்கு யாரும் திறக்கவில்லை.

மன்னித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. நாச்சியார் ஊருக்கே திரும்பிவிட்டாள். ராஜசேகர் இவன் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

பாண்டுரங்கன் வேலைக்குப் போகிறான், வருகிறான். மத்தியானத்தில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக வந்து நின்று இரைகிற நேரம் ஒன்று உண்டு. வாசலில் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அப்போது காவல் அறைக்குப் பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வான். இரண்டு தரம், மூன்று தரம் சொல்லிப் பார்ப்பான். கூட நிற்கிறவன் இவனுக்கு நெஞ்சில் சளி என்று நினைத்து, வரும்போதெல்லாம் சுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வருகிறான். அதையும் குடிக்கிறான்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் போன் செய்யவில்லை.